மைதானத்தை யார் கூட்டுறது, யார் ஆடுறது?

(பேராவூரணியில் மாணவர்கள், தோழர்கள் மத்தியில் பேசியதன் எழுத்து வடிவம்)

பி.டி. பீரியடு பத்திப் பேசப்போறேன்னதும் சிலபேர் சிரிச்சீங்க. நிலம், கூலி, வன்கொடுமைன்னு எவ்வளவோ இருக்கையில் விளையாட்டு ஒரு பிரச்சினையா என்று தோன்றலாம். ஆனால் இது உடம்பு சம்பந்தப்பட்ட அரசியல். நாத்து நடவும், தென்னை ஏறவும், சூளையில கல் அறுக்கவும் நம்ம உடம்பு வேணும். அதே உடம்பு தன் சந்தோசத்துக்காக ஓடினால் சாதி இந்து மனம் பொறுக்காது. உழைப்பு நமக்கு, ஓய்வும் விளையாட்டும் அவங்களுக்கு என்பதே சாதியின் பாகப்பிரிவினை.

சேர்ந்து விளையாடினா சாதி போயிடும்னும் சிலர் சொல்றாங்க. பல்வங்கர் பாலுவைப் பாருங்கள். சாமர் சாதியில் பிறந்தவர். பூனாவில் கிரிக்கெட் மைதானத்தைப் பராமரிக்கும் கூலியாக இருந்து பந்து வீசக் கற்றவர். இந்து அணி அவரைச் சேர்த்துக்கொண்டது. ஆனா தேநீர் நேரத்தில் அவருக்கு மட்டும் வெளியே மண் குவளை. அவர் வீசிய பந்தைத் தொடலாம், குடித்த குவளையைத் தொடக்கூடாது! 1911 இல் இங்கிலாந்துப் பயணத்தில் 114 விக்கெட் எடுத்தார். அப்படிப்பட்டவருக்கு இந்து அணியின் தலைமை கடைசிவரை தரப்படவில்லை. 1923 இல் தம்பி விட்டலுக்குத்தான் அது கிடைத்தது, அதுவும் போராடி.

அது எங்கேயோ பூனா என்று விடவேண்டாம். பக்கத்து மாவட்டம் புதுக்கோட்டை, கத்தக்குறிச்சி. சாந்தி சௌந்தரராஜன், செங்கல் சூளைக் கூலிகளின் மகள். ஊருக்கு வெளியே மண் தரையில் ஓடப் பழக்கி, ஷூ வாங்கிக் கொடுத்தவர் தாத்தா. திறமையைக் கவனித்துச் சேர்த்துக்கொண்டது ஒரு பள்ளி. படிப்புச் செலவு, சீருடை, மதியச் சோறு எல்லாம் அங்கே கிடைத்தது. மூணு வேளைச் சாப்பாட்டை அந்தப் பெண் பார்த்ததே அப்பத்தான். 2006 தோஹா ஆசிய விளையாட்டில் 800 மீட்டரில் வெள்ளி வாங்கினார். பிறகு பாலினச் சோதனை என்று சொல்லிப் பதக்கத்தைப் பறித்தார்கள். மறுபடி சூளைக்கே கூலிக்குப் போனார். பயிற்சியாளர் படிப்பு முடித்து அரசுப் பயிற்சியாளர் ஆனது அதுக்கும் அப்புறம்.

தரையும் ஷூவும் தாத்தா கொடுத்தது. வாத்தியாரும் சோறும் பள்ளி கொடுத்தது. தாத்தா மட்டும் இருந்து பள்ளி கொடுக்காமல் போன பிள்ளைகள் எத்தனை பேர்? அவங்க பேர் நமக்குத் தெரியாது.

நான் படித்த கிராமத்துப் பள்ளியில் காலையில மைதானம் கூட்ட சேரிப் பிள்ளைகளைத்தான் கூப்பிடுவாங்க. சாயங்காலம் கபடிக்கு ஆள் எடுக்கும்போது எங்க பேர் கடைசி. பொம்பளைப் பிள்ளைங்க வேப்பமரத்தடியில உட்கார்ந்து பார்க்கணும். பத்தாம் வகுப்பு வந்தா பி.டி. பீரியடு கணக்கு வாத்தியாருக்குப் போயிடும். வசதியுள்ள பையன் காசு கட்டி வெளியே பயிற்சி எடுப்பான். ஊர்த் திடலில் கால் வைக்க முடியாத நம்ம பிள்ளைக்குப் பள்ளி மைதானத்தை விட்டா வேறு மைதானம் ஏது?

2009 கல்வி உரிமைச் சட்டம் ஒவ்வொரு பள்ளிக்கும் மைதானமும் விளையாட்டுச் சாமானும் வேணும் என்கிறது. ஆறு முதல் எட்டு வரை 100 பிள்ளைகளுக்கு மேல் இருந்தால் உடற்கல்விக்குப் பகுதிநேர ஆசிரியர் வேணும் என்கிறது. அரசுப் பணத்தில் நடக்கும் பொது இடத்தில் சாதி சொல்லி யாரையும் தடுக்கக்கூடாது என்பது அரசியல் சட்டத்தின் 15 ஆவது பிரிவு. கல்லணைக் கால்வாயின் கடைமடைக்காரர்கள் நாம். மேல்மடை குடிச்ச மிச்சம்தான் நமக்கு வரும் என்பதை அறிந்தவர்கள். சட்டமும் அப்படித்தான், கேட்காமல் சேரிக்கு வராது.

ஆகவே தோழர்களே, அவரவர் ஊர்ப் பள்ளிக்குப் போங்க. பி.டி. பீரியடு நடக்குதா? பந்து பீரோவுல பூட்டிக் கிடக்கா? யார் கூட்டுறாங்க, யார் ஆடுறாங்க? பெண்பிள்ளைகளுக்கு முறை உண்டா? எழுதி எடுத்துக்கிட்டு, பெற்றோரோடு பள்ளி மேலாண்மைக் குழுவில் உட்கார்ந்து பதில் கேளுங்க. கூட்டுறதுன்னா எல்லாப் பிள்ளையும் கூட்டட்டும். ஆடுறதுன்னா எல்லாப் பிள்ளையும் ஆடட்டும்.