வாடைக்காற்றும் வைக்கோற் புகையும்



2022ஆம் ஆண்டு மார்கழியில், வங்கக்கடலில் மண்டோஸ் புயல் நின்ற நாட்களில், யாழ்ப்பாணம் முதற் கொழும்புவரை வானம் மங்கிக் கிடந்ததை மறந்திருக்கமாட்டீர்கள். டிசெம்பர் 9ஆந் திகதி பாடசாலைகளும் மூடப்பட்டன. அத்தூசியிற் பெரும்பகுதி இந்தியப் பெருநிலத்திலிருந்து காற்றுக் கொணர்ந்தது. சோழகம் பெருங்கடலைக் கடந்து வருவதாற் பெரும்பாலும் தூயது; வாடையோ நிலத்தின் புகையையும் சுமந்து வரும். 2.5 மைக்கிரோனுக்கு உட்பட்ட அந்நுண்துகள்கள் நுரையீரலின் ஆழம்வரை செல்வன.

வாடையைத் தடுத்தல் எவராலும் இயலாது. ஆனால் பெரும்போக அறுவடைக்குப் பின் வைக்கோலுக்கு நெருப்பு வைப்பவர் நாமே. பனியிறங்கும் இரவில் நிலத்தையடுத்த காற்றுக் குளிர்ந்துவிட, அதன்மேல் வெப்பக்காற்று மூடிபோல் நிற்கும். ஆகவே, மாலையில் மூட்டிய புகை மேலெழாது, விடியும்வரை ஊரின்மேற் படிந்திருக்கும். இழுப்பு நோயுள்ள பிள்ளையின் தாயைக் கேட்டுப் பாருங்கள்.

நட்டமும் நமக்கே. நெற்பயிர் உறிஞ்சிய பொற்றாசியத்திற் பெரும்பங்கு வைக்கோலில் உண்டு. எரித்தால் நைதரசன் ஏறக்குறைய முழுவதும் போய்விடும். வைக்கோலை வயலெங்கும் பரப்பி, விதைப்புக்கு இரண்டு மூன்று வாரம் முன்னரே உழுது மடியுங்கள். பிந்தி மடித்தால் இளம்பயிர் மஞ்சளிக்கும். நானும் ஒருமுறை அவசரப்பட்டு அதைக் கண்டேன். எஞ்சியதை மிளகாய், கத்தரிப் பாத்திகளுக்கு மூடுபடையாக இடலாம்.