பிள்ளைகளின் மறைந்திருக்கும் கற்றல் குறைபாட்டை இனங்காண்போம்

(மக்தப் மதரஸா பெற்றோர் கூட்டத்தில் ஆற்றிய உரையின் சுருக்கம்)



நம் மக்தபில் சில பிள்ளைகளைக் காண்கின்றோம். உஸ்தாத் ஓதிக் கொடுக்கும் சிறிய சூராக்களை ஓரிரு நாட்களில் மனனம் செய்து, அழகாக ஓதிக் காட்டுகின்றனர். ஆனால் காயிதாவைத் திறந்து, பக்கத்தின் நடுவே ஓர் எழுத்தின் மீது விரலை வைத்துக் கேட்டால் திகைத்து நிற்கின்றனர். பா, தா, ஸா எழுத்துக்களின் புள்ளிகள் அவர்களைக் குழப்புகின்றன. பள்ளிக்கூடத்திலும் இதே நிலைதான். வாயால் கேட்டால் விடை வருகிறது. எழுதச் சொன்னால் வருவதில்லை.

இத்தகைய பிள்ளைகளுக்கு நாம் சூட்டும் பெயர்கள் "சோம்பேறி", "மக்கு" என்பவையே. அடிக்கும் ஏச்சுக்கும் அஞ்சி மக்தபை விட்டு நிற்கும் பிள்ளை, பிறகு பள்ளிக்கூடத்தையும் விட்டுக் கடை வேலைக்குப் போய்விடுகிறது. ஒரு வாழ்க்கையே திசைமாறி விடுகிறது.

1896-ஆம் ஆண்டு இங்கிலாந்தின் மருத்துவர் பிரிங்கிள் மார்கன், 14 வயதுச் சிறுவன் ஒருவனைப் பற்றி எழுதினார். அவன் கணக்கில் தேர்ந்தவன். பல ஆண்டுகள் பயின்றும் வாசிக்க மட்டும் வரவில்லை. பாடம் முழுவதும் வாய்மொழியாக இருந்தால் அவனே பள்ளியில் முதல்வன் என்பது அவனுடைய ஆசிரியரின் கருத்து. இந்நிலையை இன்று டிஸ்லெக்ஸியா என்கின்றனர். எழுத்தையும் ஒலியையும் இணைப்பதில் ஏற்படும் சிரமம் இது. அறிவுக் குறைவால் வருவதன்று, அடித்தால் தீர்வதுமன்று. குடும்ப வழியாகவும் வரக்கூடும்.

நல்ல நினைவாற்றலே இக்குறையை மறைத்து விடுகிறது. ஆகவே சபக் கேட்கும்போது வரிசையாக ஓதச் செய்வதுடன் நில்லாமல், இடையிடையே எழுத்தைத் தொட்டுக் கேட்குமாறு உஸ்தாதுமார்களை வேண்டுகின்றோம். பலர் முன்னிலையில் கேட்டு வெட்கப்படுத்த வேண்டாம்.

பெற்றோர்களே! 5, 6 வயதில் எழுத்தைத் திருப்பி எழுதுவது இயல்பே, அஞ்ச வேண்டியதில்லை. 8 வயதைக் கடந்தும் எழுத்துக் கூட்டித் திணறுதல், முதல் எழுத்தைப் பார்த்து ஊகித்துச் சொல்லுதல், பலகையைப் பார்த்து எழுதுவதிலும் எழுத்தை விட்டுவிடுதல் ஆகியவை தொடருமானால் கவனியுங்கள். முதலில் கண்ணையும் காதையும் பரிசோதியுங்கள். அவற்றில் குறையில்லை எனில், பள்ளி ஆசிரியரிடம் பேசி உளவியல் நிபுணரிடம் அழைத்துச் செல்லுங்கள். சென்னையில் மெட்ராஸ் டிஸ்லெக்ஸியா சங்கம் 1991-இல் தொடங்கப்பட்டு, இத்துறையில் பணியாற்றி வருகிறது.

2016-ஆம் ஆண்டின் மாற்றுத்திறனாளிகள் உரிமைச் சட்டம், கற்றல் குறைபாட்டையும் 21 வகைக் குறைபாடுகளுள் ஒன்றாக ஏற்றுள்ளது. உரிய சான்றிதழ் பெற்ற மாணவர்களுக்குப் பொதுத்தேர்வில் கூடுதல் நேரம், சொல்வதை எழுதுபவர் போன்ற சலுகைகள் உண்டு. "ஊரார் என்ன சொல்வார்களோ" என்று தயங்கி இவ்வுரிமையை இழந்துவிடாதீர்கள்.

சிகிச்சை மாத்திரையில் இல்லை. எழுத்தையும் ஒலியையும் சிறிது சிறிதாக, மணலில் விரலால் எழுதியும் வாய்விட்டுச் சொல்லியும், நிதானமாகத் திரும்பத் திரும்பப் பயிற்றுவிப்பதிலேயே பலன் உண்டு. காலம் பிடிக்கும், பொறுமை வேண்டும்.

பிள்ளைகள் நம்மிடம் ஒப்படைக்கப்பட்ட அமானிதம். அவர்களின் சிரமத்தை அறிந்து அன்புடன் கற்பிக்கும் பக்குவத்தை அல்லாஹ் நம் அனைவருக்கும் தந்தருள்வானாக! ஆமீன்.