இரண்டாவது ஊசி பிந்தினால்?



2021 ஜனவரி கடைசியில் இலங்கையில் கொரோனாத் தடுப்பூசி தொடங்கியது. இந்தியாவில் இருந்து வந்த கோவிஷீல்ட். பிறகு இந்தியாவிலேயே நோய் பெருகியது. ஏற்றுமதி நின்றது. முதல் ஊசி போட்ட கிட்டத்தட்ட 6 லட்சம் பேர் இரண்டாவது ஊசி இல்லாமல் நின்றார்கள்.

தெஹிவளையில் எங்கள் ஒழுங்கையில் ஒரு அம்மா. தடுப்பூசி அட்டையை பிஸ்கட் டின்னுக்குள், அடையாள அட்டையோடு வைத்திருந்தார். முதல் கட்டத்தில் திகதி இருக்கும். இரண்டாவது கட்டம் வெறுமை. கிராம சேவகரைக் கண்டால் அதே கேள்வி: "தம்பி, எப்ப வரும்?" அவருக்கும் தெரியாது. தெரியாமல் காத்திருப்பதுதான் பெரிய வேதனை. ஜூலை கடைசியில் ஜப்பான் அனுப்பிய மருந்து வந்த பிறகுதான் அந்தக் கட்டம் நிரம்பியது.

அந்த அம்மாவின் பெரிய பயம் ஒன்று. "முதல் ஊசி வீணாப் போச்சா?"

இல்லை. வீணாகவில்லை. பாதி பின்னிய பாயைச் சுருட்டி வைத்தால், பிறகு விட்ட இடத்தில் இருந்துதானே பின்னுகிறோம்? உடம்பும் அப்படித்தான். முதல் ஊசியை அது நினைவில் வைத்திருக்கும். பிந்தினால் முழுமையான பாதுகாப்புக் கிடைக்கச் சுணங்கும். ஆனால் முதலில் இருந்து தொடங்கத் தேவையில்லை.

பிள்ளைகளின் தடுப்பூசிக்கும் பெரும்பாலும் இதே விதிதான். திகதி தவறிவிட்டதென்று வெட்கப்பட்டு வீட்டில் இருக்காதீர்கள். அட்டையை எடுத்துக்கொண்டு இன்றைக்கே உங்கள் குடும்ப நல மாதுவிடம் காட்டுங்கள்.