செம்பனை ஓட்டுக்குள் ஒரு கணினிப் பாடம்



கோலசிலாங்கூர் வட்டாரத்தில் தென்னமரம் என்றொரு தோட்டம் உண்டு. பெயரில் தென்னை, புகழோ செம்பனையால் வந்தது. 1917-ஆம் ஆண்டில் ஹென்றி ஃபோக்கொன்னியே என்ற பிரெஞ்சுக்காரர் மலாயாவின் முதல் வணிகச் செம்பனைத் தோட்டத்தை அங்குதான் தொடங்கினார். இவ்வட்டாரத் தோட்டங்களில் குலை வெட்டி, உதிரிப் பழம் பொறுக்கிய தமிழர் கைகள் ஏராளம்.

செம்பனையில் மூன்று வகை. தடித்த ஓடுள்ளது டூரா. ஓடே இல்லாதது பிசிஃபெரா. இரண்டையும் இணைத்தால் கிடைப்பது மெல்லிய ஓடுள்ள தெனெரா. டூராவைவிட ஏறத்தாழ 30 விழுக்காடு கூடுதல் எண்ணெய் தருவது தெனெராதான். ஆனால் நாற்றுமேடையில் மூன்றும் ஒன்றுபோலவே நிற்கும். வேற்று மகரந்தம் கலந்து டூரா நுழைந்துவிட்டால், மரம் காய்க்கும் வரை தெரியாது. நட்ட மரமோ ஏறத்தாழ 25 ஆண்டுகள் நிற்கும். சிறு தோட்டக்காரருக்கு அது எவ்வளவு பெரிய நட்டம்!

இதற்கு 2013-இல் வழி பிறந்தது. மலேசியச் செம்பனை எண்ணெய் வாரியத்தின் ரஜிந்தர் சிங், ரவிகாதேவி சம்பந்தமூர்த்தி உள்ளிட்ட குழுவினர், ஓட்டைத் தீர்மானிக்கும் மரபணுவை 'நேச்சர்' இதழில் அறிவித்தனர். இன்று நாற்றின் இலைத் துணுக்கைச் சோதித்தாலே வகை தெரிந்துவிடும்.

ஒரு மரபணு பிடிபட்டது. மற்றவை? அதே இதழ் செம்பனையில் குறைந்தது 34,802 மரபணுக்கள் இருப்பதாகக் கூறியது. பழத்தில் சுறுசுறுப்பாக இயங்கும் மரபணு இலையில் உறங்கிக் கிடக்கலாம். எது, எங்கே, எவ்வளவு இயங்குகிறது என்று கணக்கெடுப்பதே மரபணு வெளிப்பாட்டு ஆய்வு. அதற்குக் கண் போதாது, மென்பொருள் வேண்டும். 2001-இல் தொடங்கிய பயோகண்டக்டர் அத்தகைய கருவித் தொகுப்பு. நூற்றுக்கு ஐந்து தவறு போகட்டும் என்று விட்டால்கூட, தற்செயலாகவே சுமார் 1,740 மரபணுக்கள் 'மாறிவிட்டதாக'க் காட்சி தரும். அந்தப் போலிகளைக் களைவது இத்தகைய கருவிகளின் முக்கிய வேலை.

அடுத்தது உறவு. ஒருவர் குலை வெட்ட, ஒருவர் பழம் பொறுக்குவதுபோல், புரதங்களும் கூட்டாகவே உழைக்கின்றன. ஓட்டுப் புரதமும் இணை சேர்ந்துதான் இயங்குகிறது. 2003-இல் ஆய்விதழ் வழி அறிமுகமான சைட்டோஸ்கேப், இந்த உறவுகளைப் புள்ளியும் கோடுமாக வரைகிறது. 'ஸ்ட்ரிங்' தரவுத்தளம் அதற்கான தகவலைத் தருகிறது. ஆனால் அதில் சில கோடுகள் சோதித்து அறிந்தவை. சில கணினியின் ஊகம். திரையில் கோடு விழுந்தால் தீர்ப்பாகிவிடாது. ஆய்வுக்கூடமும் தோட்டமும்தான் உறுதி சொல்ல வேண்டும்.

பெற்றோர் கவனிக்க வேண்டியது ஒன்று. இக்கருவிகள் இலவசம். பழகிப் பார்க்கச் சாதாரணக் கணினியே போதும். உயிரியலோடு புள்ளியியலும் கற்றால் கதவு திறக்கும். செம்பனையைக் கையால் அறிந்தவர்களின் பிள்ளைகள் அதைக் கணினியாலும் அறியட்டும். வட சிலாங்கூர்த் தோட்டப்புறப் பள்ளிகளில் இப்பேச்சு இன்றே தொடங்கட்டும்.