அணைத்த பின்னும் ஆறாத உலை



அணுச்சக்தியின் ஆக்கத்தைப் பற்றிப் பேசியோர் பலர். அதன் ஓய்வைப் பற்றிப் பேசவே நாம் இன்று முன்வந்தோம். பழைய அணு மின்சார நிலையமொன்றை மூடிக் கலைப்பது எப்படி? இது சிறிய கேள்வியன்று.

இங்கிலாந்தின் வடமேற்குக் கரையிலுள்ள கல்டர் ஹோல் என்னும் இடத்தை எடுத்துக்கொள்வோம். 1956ஆம் ஆண்டு ஒக்ரோபர் 17ஆந் திகதி எலிசபெத் மகாராணியார் அங்கே அணு மின்சார நிலையத்தைத் திறந்துவைத்தார். சோவியத் நாட்டிலே 1954இல் சிறியதொரு நிலையம் இயங்கியதாயினும், தொழில் அளவில் மின்சாரம் வழங்கிய முதல் நிலையம் இதுவே. மேடையிலே மின்சாரம் பேசப்பட்டது. உள்ளேயோ அணுகுண்டுக்கான புளூத்தோனியம் ஆக்குவதே முதல் வேலை. இதனையும் மறைக்காது சொல்லல் வேண்டும்.

2003 மார்ச் 31இல் நிலையம் நிறுத்தப்பட்டது. 2007இல் அதன் நான்கு குளிராக்கும் கோபுரங்களும் வெடிவைத்துச் சில நொடிகளில் வீழ்த்தப்பட்டன. கண்டோர் கதை முடிந்ததென்றே எண்ணியிருப்பர். ஆனால் நான்கு உலைகளினின்றும் 38,000க்கு மேற்பட்ட யுரேனியக் கோல்களை எடுத்து முடிக்க 2019 வரை சென்றது.

கோல்களை எடுத்தபின்னும் உலை வெறும் இரும்பாகிவிடுவதில்லை. நியூத்திரன்கள் ஆண்டுக்கணக்காகத் தாக்கியதால் உருக்கும், நடுவிலுள்ள காரீயமும் தாமே கதிர்வீசும். பென்சிற் கூரிலுள்ள அதே காரீயந்தான்! உருக்கிலுள்ள கோபாற்று-60 ஐந்தாண்டுக்குச் சற்று மேலாக ஒருமுறை பாதியாகும்; 53 ஆண்டில் ஆயிரத்திலொரு பங்காகும். ஆதலால் உலையைப் பூட்டிவைத்து, 80 ஆண்டுக்கு மேல் காத்திருந்து, பின்பு கலைப்பதே நலமென்று பிரித்தானியர் நெடுநாள் கருதினர். வேலையாளின் உடலுக்கு அது நல்லதே, மறுப்பதற்கில்லை.

ஆயினும் நாம் மறுபக்கமே சாய்கின்றோம். காரீயத்திலுள்ள காபன்-14 பாதியாக ஏறக்குறைய 5,700 ஆண்டு செல்லும்; அதற்கு 80 ஆண்டு ஒரு கணக்கா? இதற்கிடையில் கூரை துருப்பிடிக்கும். எந்தக் குழாய் எங்கே செல்கின்றதென்று கையால் அறிந்த வேலையாள் இளைப்பாறி, மறைந்தும் போவான். வரைபடம் மிஞ்சலாம், அதிலே எழுதாது விட்டவை மிஞ்சா. மின்சாரத்தை அனுபவித்தவன் ஒருவன், சாம்பல் அள்ளுபவன் அவன் கொள்ளுப்பேரன் என்றால், அதனை நியாயமென்று பெரியோர்கள் சொல்வார்களா?

அந்நாட்டிலும் எண்ணம் மாறிவருகின்றது. வேல்சிலே 1991இல் உற்பத்தியை நிறுத்திய திறோஸ்வினித் நிலையத்தின் உலைகளை, அத்தனை காலம் காத்திராது முதலிற் கலைப்பதெனத் தீர்மானித்துள்ளனர். செலவின் பெரும்பகுதி பொதுமக்கள் வரிப்பணமே.

கலைத்தெடுக்கும் காரீயத்தை எங்கே வைப்பது? நிலத்தின் ஆழத்திலே புதைப்பதென்பது திட்டம். எந்த ஊரின் அடியில் என்பது மாத்திரம் இன்னும் முடிவாகவில்லை.