வண்டி ஓட்டத் தெரிஞ்சா மட்டும் போதுமா?

(கூட்டமைப்பு ஆண்டு விழாவில் பேசியது)



நான் பத்தாவது வரைக்கும் படிச்சவ. மைக் பிடிச்சுப் பேசிப் பழக்கம் கிடையாது. போன மாசக் கூட்டத்துல தலைவி அக்கா, "நீதான் ஸ்பானரும் கையுமா இருக்கியே, வண்டியைப் பத்திப் பேசு"ன்னு சொல்லிட்டாங்க. அதனால வந்து நிக்கிறேன். தப்பு இருந்தா பொறுத்துக்கோங்க.

உள்ள வரும்போது வாசல்ல நிக்கிற வண்டிகளை எண்ணிப் பார்த்தேன். மொத்தம் நாற்பத்தி மூணு. ஹெல்மெட் இருந்தது ஆறு வண்டியில். ரெண்டு பக்கமும் கண்ணாடி இருந்தது பதினொரு வண்டியில். யாரையும் குத்திக் காட்டச் சொல்லலை. ரெண்டு வருசத்துக்கு முந்தி என் வண்டியும் அப்படித்தான் நின்னுச்சு.

நம்ம பக்கம் ஒரு காலத்துல விடிகாலையில ஆலை வேன் வந்தாத்தான் வேலைக்குப் போக முடியும். வேனை விட்டா அன்னைக்குச் சம்பளம் போச்சு. இப்ப திருத்தங்கல், வெம்பக்கோட்டை, ஏழாயிரம்பண்ணைன்னு எங்க வேலைன்னாலும் நாமளே ஓட்டிக்கிட்டுப் போறோம். 2018 பிப்ரவரி 24-ல வேலைக்குப் போற பெண்களுக்கு அரசாங்கம் பாதி விலை, அதிகபட்சம் 25,000 ரூபாய் மானியம்னு ஸ்கூட்டர் திட்டம் ஆரம்பிச்சது உங்களுக்கு ஞாபகம் இருக்கும். அதுல வாங்கினவங்க கொஞ்சப் பேர். குழுக் கடன்ல வாங்கினவங்கதான் அதிகம். நான் ரெண்டாவது வகை.

குழுவுல 30,000 கடன் எடுத்து, பழைய மொபெட் ஒண்ணு 26,000-க்கு வாங்கினேன். மீதி நாலாயிரத்துல பெயிண்ட் அடிச்சேன், புது சீட் கவர் போட்டேன், முன்னாடி மணி தொங்க விட்டேன். ஹெல்மெட் வாங்கலை. பழைய ஆளு சேலை கார்டைக் கழட்டி வச்சிருந்தார். ஆம்பளைக்கு அது தேவைப்படலை. எனக்கும் அது இல்லைங்கிறது கண்ணுல படலை.

ஒரு நாள் அத்தையைப் பின்னாடி உக்கார வச்சு, சுகர் மாத்திரை வாங்க சாத்தூருக்குப் போனேன். அத்தை ஒரு பக்கமா உக்காந்திருந்தாங்க. காத்துல முந்தி பறந்து பின் சக்கரத்துல சுத்திருச்சு. "ஏத்தா..."ன்னு ஒரு சத்தம்தான் கேட்டுச்சு. அடுத்த நிமிசம் ரெண்டு பேரும் ரோட்டுல கிடக்கோம். அத்தைக்குத் தோள்பட்டை எலும்பு முறிஞ்சது. எனக்கு நெத்தியில ஏழு தையல். பின்னாடி லாரி எதுவும் வரலை. அதனாலதான் இன்னைக்கு உங்க முன்னாடி நின்னு பேசுறேன்.

ஆஸ்பத்திரியிலதான் அடுத்த இடி. இன்சூரன்ஸ் முடிஞ்சு நாலு மாசம் ஆகியிருந்தது. ஆர்.சி. புக் இன்னும் பழைய ஆளு பேர்ல. எனக்கு லைசென்ஸும் இல்லை. மூணு மாசம் நான் வேலைக்குப் போகலை. கடன் தவணையை எங்க குழுவுல பத்துப் பேர் சேர்ந்து கட்டினாங்க. அவங்க பேரை இங்க சொன்னா கூச்சப்படுவாங்க, அதனால சொல்லலை. அந்தக் காசைத் திருப்பிக் கொடுத்துட்டேன். ஆனா அந்த நன்றியை எப்படித் திருப்பறதுன்னு யோசிச்சேன். எனக்குத் தெரிஞ்சதை உங்களுக்குச் சொல்றதுதான் வழின்னு தோணுச்சு.

முதல்ல சேலை கார்டு. பின் சக்கரத்தோட பாதிக்குக் குறையாம மறைக்கிற மாதிரி தடுப்பு இருக்கணும், பின்னாடி உக்கார்றவங்க பிடிச்சுக்கக் கைப்பிடி இருக்கணும், கால் வைக்க இடம் இருக்கணும். இது மெக்கானிக் சொல்ற யோசனை இல்லை. 1989-ம் வருசத்து மத்திய மோட்டார் வாகன விதியில 123-வது விதியா எழுதியிருக்கு. பழைய வண்டி வாங்கினா முதல் நாளே இந்த மூணும் இருக்கான்னு குனிஞ்சு பாருங்க. கார்டு இருந்தாலும் முந்தியை இழுத்து இடுப்புல சொருகுங்க. சுடிதார் போடுற தங்கச்சிமார் துப்பட்டாவைக் கழுத்துல தொங்க விடாம குறுக்கே கட்டுங்க. துப்பட்டா சக்கரத்துல மாட்டினா இழுக்கிறது கழுத்தை. அத மறக்காதீங்க.

ரெண்டாவது ஹெல்மெட். 2021 ஜூன் 1-ல இருந்து ஐ.எஸ்.ஐ. முத்திரை இல்லாத ஹெல்மெட்டை விக்கவே கூடாது. முத்திரை பக்கத்துல ஐ.எஸ். 4151-ன்னு நம்பர் இருக்கும், பார்த்து வாங்குங்க. ரோட்டோரத்துல நூத்தம்பது ரூபாய்க்குக் கிடைக்கிற தொப்பியும், கட்டட வேலைக்குப் போடுற மஞ்சத் தொப்பியும் போலீஸ்காரர் கண்ணை மறைக்கும், தலையைக் காப்பாத்தாது. போட்டுப் பார்த்துத் தலையை ஆட்டுங்க. ஹெல்மெட் தனியா ஆடினா அது உங்க அளவு இல்லை. தாடைப் பட்டையை மாட்டலைன்னா விழும்போது ஹெல்மெட் ஒரு பக்கம், தலை ஒரு பக்கம் போகும். நம்மளுக்குக் கொண்டைதான் பிரச்சினை. கொண்டையைப் பிரிச்சுத் தாழ்வாப் பின்னல் போட்டா ஹெல்மெட் சரியா உக்காரும். பூவைப் பையில வச்சுக்கிட்டுப் போய்ச் சேர்ந்ததும் வச்சுக்கலாம். ஒரு தடவை பலமா அடிபட்ட ஹெல்மெட்டை மறுபடி போடாதீங்க. வெளியே கீறல்தான் தெரியும், உள்ளே இருக்கிற தெர்மாகோல் நசுங்கியிருக்கும்.

பின்னாடி உக்கார்றவங்களுக்கும் ஹெல்மெட் கட்டாயம். நாலு வயசுக்கு மேல எல்லாருக்கும் சட்டம் ஒண்ணுதான். போடலைன்னா அபராதம் 1,000 ரூபாய். ஒம்பது மாசத்துல இருந்து நாலு வயசு வரை உள்ள பிள்ளைங்களுக்கு 2022-ல விதி வந்திருக்கு. பிள்ளையை ஓட்டுறவங்களோட சேர்த்துக் கட்டுற பெல்ட் வேணும், பிள்ளைக்கு ஏத்த ஹெல்மெட் வேணும், நாற்பது கிலோமீட்டர் வேகத்தைத் தாண்டக் கூடாது. முன்னாடி பிள்ளையை நிக்க வச்சு ஓட்டுறோம்ல, பிரேக் போட்டா அந்தப் பிள்ளை எங்க போய் இடிக்கும்னு ஒரு நிமிசம் நினைச்சுப் பாருங்க.

மூணாவது, பட்டாசு வேலைக்குப் போற நம்ம பெண்களுக்கு. இதைக் கொஞ்சம் கவனமாக் கேளுங்க. வேலை முடிஞ்சதும் கை கால் கழுவி, உடை மாத்திட்டுத்தான் வண்டியில ஏறணும். மருந்துப் பொடி ஒட்டின சேலையோட சூடான சைலன்சர் பக்கத்துல கால் வைக்கிறது நல்லதா? ஆலைக்குள்ள பருத்திச் சேலைதான் கட்டச் சொல்றாங்க. நைலான் சேலையில நிலை மின்சாரம் வரும்னு காரணம் சொல்வாங்க. வண்டிக்கும் பருத்திதான் நல்லது. நைலான் சைலன்சர்ல பட்டா உருகித் தோலோட ஒட்டிக்கும். திரி, மருந்து, பாதி செஞ்ச சரக்கு எதையும் சீட்டுக்குக் கீழேயோ மடியிலேயோ வச்சுக் கொண்டு போகாதீங்க. கருந்திரிக்கட்டை வண்டியில கொண்டு போறது சட்டப்படி குத்தம்னு எல்லாருக்கும் தெரியும். சட்டத்தை விடுங்க. அந்த மருந்துக்குச் சூடும் ஆகாது, உராய்வும் ஆகாது. ஓடுற வண்டியில ரெண்டும் இருக்கு. நூறு ரூபா கூடக் கிடைக்கும்னு யார் சொன்னாலும் முடியாதுன்னு சொல்லுங்க.

நாலாவது, வண்டியைப் பாக்குறது. என் வண்டியைச் சரி பண்ணிக் கொடுத்த மெக்கானிக் அண்ணன் பக்கத்துல நின்னு நான் ஒவ்வொண்ணாக் கேட்டேன். அவர் அலுத்துக்காமச் சொல்லிக் கொடுத்தார். பெரிய வித்தை ஒண்ணும் இல்லை. தையல் மிஷினுக்கு எண்ணெய் போடத் தெரிஞ்ச கைக்கு இதுவும் வரும்.

காத்து: வாரம் ஒரு தடவை பாருங்க. வண்டி சூடாகிறதுக்கு முந்தி, காலையில பார்த்தாத்தான் அளவு சரியா இருக்கும். முன் டயருக்கு எவ்வளவு, பின் டயருக்கு எவ்வளவு, ரெண்டு பேர் போனா எவ்வளவுன்னு வண்டிப் புத்தகத்துல போட்டிருக்கும். அதை ஒரு சீட்டுல எழுதி சீட்டுக்குக் கீழே ஒட்டிடுங்க.

டயர்: டயர் ஓரத்துல சின்னதா ஒரு முக்கோணக் குறி இருக்கும். அதுக்கு நேரா மேல, பள்ளத்துக்குள்ள ஒரு மேடு இருக்கும். டயர் தேஞ்சு அந்த மேட்டுக்குச் சமமா வந்துட்டா மாத்தியே ஆகணும். நம்ம கரிசல் மண்ணு மழையில எப்படி வழுக்கும்னு சொல்லத் தேவையில்லை. நம்ம ஊர்ல பஞ்சருக்குப் பாதிக் காரணம் சீமைக்கருவேல முள்ளு. ட்யூப்லெஸ் டயர்ல முள்ளோ ஆணியோ குத்தியிருந்தா வழியில பிடுங்காதீங்க. பிடுங்கினா காத்து மொத்தமாப் போயிரும். மெதுவாப் பஞ்சர் கடை வரை போயிடுங்க.

பிரேக்: பிரேக்கைப் பிடிச்சா ஒரு விரல் அளவுக்குள்ள வேலை செய்யணும். கைப்பிடி வரைக்கும் வந்து தொட்டா டைட் பண்ணணும், இல்லைன்னா லைனர் தேஞ்சிருக்கும். பின் பிரேக்கை மட்டும் பிடிக்கிற பழக்கத்தை விடுங்க. ரெண்டையும் சேர்த்துப் பிடிங்க. தண்ணி தேங்கின ரோட்டைத் தாண்டினதும் மெதுவாப் போய்க்கிட்டே ரெண்டு மூணு தடவை லேசாப் பிடிச்சு விட்டா ஈரம் காஞ்சிரும்.

செயின்: மொபெட்டுக்கும் பைக்குக்கும் செயின் உண்டு, ஸ்கூட்டருக்கு உள்ளே பெல்ட். செயினை நடுவுல அழுத்தினா கொஞ்சம் ஆடணும். ரொம்பத் தொங்கினா கழண்டுரும், ரொம்ப இழுத்தா தேஞ்சுரும். மழைக்குப் பிறகு துடைச்சு எண்ணெய் விடுங்க. இன்ஜின் ஓடும்போது செயின் பக்கம் விரலையோ துணியையோ கொண்டு போகாதீங்க. குதிரைவாலி, உளுந்து, சோளத்தட்டையை ரோட்டுல காயப் போட்டிருப்பாங்க. அது மேல ஓட்டினா சறுக்கும், தட்டை சக்கரத்துல சுத்தும். இறங்கி ஓரமா உருட்டிட்டுப் போனா மானம் ஒண்ணும் போயிராது.

ஆயில்: வண்டியைச் சமமான தரையில நடு ஸ்டாண்டுல நிறுத்தி, குச்சியை எடுத்துத் துடைச்சு மறுபடி விட்டுப் பாருங்க. ரெண்டு கோட்டுக்கு நடுவுல இருக்கணும். பழைய ரெண்டு ஸ்ட்ரோக் வண்டிக்குப் பெட்ரோல்ல ஆயில் கலப்போம். இப்ப வர்ற நாலு ஸ்ட்ரோக் வண்டிக்குக் கலக்கவே கூடாது. பழக்கதோசத்துல கலந்து பிளக் கரி பிடிச்சு நின்ன வண்டியை நானே பார்த்திருக்கேன்.

சுத்தம்: நம்ம ரோட்டுத் தூசிக்கு ஏர் பில்டர் சீக்கிரம் அடைச்சிரும். பெட்ரோல் கூடக் குடிக்குதுன்னா முதல்ல அதைப் பாருங்க. பேப்பர் பில்டரைத் தண்ணியில கழுவாதீங்க. செல்ப் அஞ்சு நொடிக்கு மேல அமுக்காதீங்க, காலையில முதல்ல உதைச்சு ஸ்டார்ட் பண்ணினா பேட்டரி நீடிக்கும்.

கடைசியா காகிதம். இதுலதான் நான் ரொம்ப அடிபட்டேன். பழைய வண்டி வாங்கினா முப்பது நாளுக்குள்ள ஆர்.சி.யை உங்க பேருக்கு மாத்த மனு கொடுங்க. இன்சூரன்ஸை மாத்த பதினாலு நாள்தான். இன்சூரன்ஸ் எடுக்கும்போது வண்டிக்காரருக்கான 15 லட்ச ரூபாய் விபத்துக் காப்பீடு இருக்கான்னு கேளுங்க. அது கிடைக்கணும்னா வண்டி உங்க பேர்ல இருக்கணும், உங்களுக்கு லைசென்ஸ் இருக்கணும். கடன் கட்டுறது நாம, ஓட்டுறது நாம, ஆனா புக் வீட்டுக்காரர் பேர்ல. அப்படி இருந்தா நமக்கு ஒண்ணு ஆனா அந்தக் காப்பீடு நம்ம பிள்ளைங்களுக்கு வராது. அடிபட்டா 108-க்குப் போன் போடுங்க. 2021 டிசம்பர்ல ஆரம்பிச்ச 'நம்மைக் காக்கும் 48' திட்டத்துல, பட்டியல்ல இருக்கிற ஆஸ்பத்திரியில முதல் 48 மணி நேரம் சிகிச்சை இலவசம். கையில காசு இல்லையேன்னு தயங்கி நேரத்தை விடாதீங்க.

கூட்டமைப்புக்கு ஒரு வேண்டுகோள். வண்டிக் கடன் மனு வரும்போது, வண்டி விலையோட ரெண்டு ஹெல்மெட், சேலை கார்டு, ஆர்.சி. மாத்துற செலவு, இன்சூரன்ஸ் நாலையும் சேர்த்தே கடன் கொடுங்க. ஆர்.சி. நகலைக் கடன் பதிவேட்டோட வாங்கி வையுங்க. நான் அந்த நாலாயிரத்தை மணிக்கும் சீட் கவருக்கும் போடாம இதுக்குப் போட்டிருந்தா அத்தை இன்னைக்குக் கையைத் தூக்கித் தலை சீவிக்குவாங்க. இப்ப நான்தான் சீவி விடுறேன்.

விழுந்த புதுசுல அத்தை, "பொம்பளைக்கு எதுக்குடி வண்டி"ன்னு சொன்னாங்க. எனக்கு வாயடைச்சுப் போச்சு. வண்டியை வித்துடலாம்னுகூட நினைச்சேன். ஆறு மாசம் கழிச்சு அவங்களே ஒரு நாள் மாத்திரை சீட்டை எடுத்துக்கிட்டு வாசல்ல வந்து நின்னாங்க. குனிஞ்சு பின் சக்கரத்துல கார்டு இருக்கான்னு பார்த்தாங்க. பிறகு, "எனக்குரிய ஹெல்மெட்டை எடு, போவோம்"னாங்க.

இன்னைக்கு வீட்டுக்குப் போறதுக்கு முந்தி நீங்களும் ஒரு தடவை குனிஞ்சு பாருங்க. அவ்வளவுதான் நான் கேட்கிறது.