சுவிட்ச் யார் கையில்?



கிரிவலத்துக்கும் தீபத்துக்கும் உலகமே தேடி வரும் ஊர் இந்தத் திருவண்ணாமலை. இந்த ஊருக்குப் போர் வரலாறும் உண்டு. 1767 செப்டம்பரில் ஹைதர் அலியும் ஹைதராபாத் நிஜாமும் சேர்ந்து நடத்திவந்த படை, முதலில் செங்கத்திலும் பிறகு இந்த மலையடிவாரத்திலும், கர்னல் ஜோசப் ஸ்மித்தின் கிழக்கிந்தியக் கம்பெனிப் படையோடு மோதித் தோற்றது. அதே நேரத்தில் ஹைதரின் மகன் திப்பு தன் குதிரைப்படையோடு மதராஸின் புறநகரைக் கலக்கிக்கொண்டிருந்தார். தகப்பனார் தோற்றார் என்ற சேதி ஆள் மூலம் போய்ச் சேர்ந்த பிறகுதான் அவர் பின்வாங்கினார். நடுவில் கழிந்த நேரத்தில், தந்தையின் நிலை தெரியாமலே மகன் போர் செய்துகொண்டிருந்தார். படைக்குக் கை கால் எவ்வளவு முக்கியமோ, காதும் வாயும் அவ்வளவு முக்கியம். அந்தக் காதும் வாயும் இன்று வானத்தில் இருக்கின்றன. அவை யாருக்குச் சொந்தம் என்று கேட்கத்தான் இந்த மேடையில் நிற்கிறேன்.

வங்கக் கடலில் ஒரு போர்க்கப்பல் போகிறது. கரை மறைந்துவிட்டால் நேர்கோட்டில் போகும் வானொலி அலை எட்டாது. பூமியின் வளைவு மறைத்துவிடும். சிற்றலை எட்டும், ஆனால் இரைச்சலோடு எட்டும். அதைப் பிடித்தே கப்பல் எந்தத் திசையில் இருக்கிறது என்று எதிரி கணக்குப் போட்டுவிடுவான். அதனால்தான் கப்பலின் உச்சியில் ஒரு வெள்ளை உருண்டையைப் பார்க்கிறீர்கள். அதற்குள் ஒரு தட்டு ஆன்டெனா இருக்கிறது. அலையில் கப்பல் இடப்பக்கம் சாய்ந்தால் தட்டு வலப்பக்கம் திரும்பும்; முன்னே குனிந்தால் பின்னே நிமிரும். கப்பல் என்ன ஆட்டம் ஆடினாலும், ஏறத்தாழ 36,000 கிலோமீட்டர் உயரத்தில் இருக்கும் ஒரே செயற்கைக்கோளை விட்டுக் கண் எடுக்காது. அட்மிரலின் உத்தரவும் ரேடார் படமும் அந்த வழியாகத்தான் வருகின்றன.

2013 ஆகஸ்ட் 30 வரை நம் கடற்படைக்கென்று தனியாக அப்படி ஒரு செயற்கைக்கோள் கிடையாது. அன்று ஏவப்பட்டது ஜிசாட்-7. கடற்படையினர் அன்போடு ‘ருக்மிணி’ என்று அழைத்தார்கள். கோள் நம்முடையது. ஏவிய ராக்கெட் ஐரோப்பாவின் ஏரியான்-5. ஏவிய இடம் தென் அமெரிக்காவில் இருக்கும் பிரெஞ்சு கயானா. ஏன்? 2,650 கிலோவைத் தூக்கி அந்தப் பாதையில் வைக்க அன்று நம்மிடம் நம்பகமான ராக்கெட் இல்லை. மிகக் குளிர்ந்த திரவ எரிபொருளில் இயங்கும் கிரையோஜெனிக் எஞ்சினின் தொழில்நுட்பத்தைத் தர ஒப்புக்கொண்ட ரஷ்யா, அமெரிக்காவின் நெருக்குதலால் 1993-இல் கையை விரித்தது. நம் விஞ்ஞானிகள் இருபது ஆண்டுகள் முட்டி மோதினார்கள். திருநெல்வேலி மாவட்டத்து மகேந்திரகிரியில் எஞ்சினை எரித்து எரித்துச் சோதித்தார்கள். 2014 ஜனவரியில் சொந்த கிரையோஜெனிக் எஞ்சினோடு ஜிஎஸ்எல்வி வென்றது. 2018 டிசம்பரில் விமானப்படைக்கான ஜிசாட்-7ஏ ஸ்ரீஹரிகோட்டாவிலிருந்தே போனது. 2025 நவம்பர் 2 அன்று, கடற்படைக்கான சிஎம்எஸ்-03, ஏறத்தாழ 4,400 கிலோ எடையோடு, நம் மண்ணிலிருந்து நம் எல்விஎம்-3 ராக்கெட்டில் ஏறிப் போனது. அன்று இஸ்ரோவின் தலைவராக இருந்தவர் கன்னியாகுமரி மாவட்டத்தில் பிறந்த வி. நாராயணன், கிரையோஜெனிக் எஞ்சினுக்கே வாழ்நாளைக் கொடுத்தவர்.

இந்த நேரத்தில் சிலர் நம் காதில் வந்து ஓதுகிறார்கள். “இவ்வளவு பாடு எதற்கு? அமெரிக்கக் கம்பெனி ஒன்று ஆயிரக்கணக்கான கோள்களை வானத்தில் விட்டிருக்கிறது. மாத வாடகை கட்டினால் வேலை முடிந்தது” என்கிறார்கள். அவர்களுக்கு உக்ரைனைக் காட்டுகிறேன்.

2022 பிப்ரவரி 24, ரஷ்யப் படை எல்லை தாண்டிய அதே விடிகாலை. வயாசாட் என்ற அமெரிக்க நிறுவனத்தின் கேஏ-சாட் சேவையில் சைபர் தாக்குதல் நடந்தது. வானத்தில் இருந்த கோளுக்கு ஒரு கீறல் இல்லை. தரையில் இருந்த மோடம்களுக்குக் கட்டளை போனது. அவற்றின் நினைவகம் அழிந்தது. பல்லாயிரம் மோடம்கள் வெறும் பெட்டியாகக் கிடந்தன. போரோடு சம்பந்தமே இல்லாத ஜெர்மனியில் 5,800 காற்றாலைகளைத் தொலைவிலிருந்து கண்காணிக்க முடியாமல் போனது.

அந்த இடத்தை நிரப்ப எலான் மஸ்க்கின் செயற்கைக்கோள் இணையச் சேவையான ஸ்டார்லிங்க் வந்தது. உதவியது, மறுக்கவில்லை. ஆனால் கிரிமியாவின் செவாஸ்டோபோல் வரை சேவையைத் திறந்துவிடும்படி உக்ரைன் கேட்டபோது தான் ஒப்புக்கொள்ளவில்லை என்று 2023-இல் மஸ்க் அவராகவே வெளியில் சொன்னார். அவர் முடிவு சரியா தவறா என்பது என் வழக்கு அல்ல. ஒரு நாட்டின் படை எதுவரை போகலாம் என்பதை, யாரும் ஓட்டுப் போட்டுத் தேர்ந்தெடுக்காத ஒரு தனி மனிதர் தீர்மானித்தார் என்பதே என் வழக்கு. 2025 ஜூலை 24 அன்று அந்தக் கம்பெனியின் மென்பொருள் கோளாறால் உலகம் முழுக்க இரண்டரை மணி நேரம் சேவை நின்றது. போர்முனை முழுக்கத் தொடர்பு அறுந்தது என்று உக்ரைன் தளபதியே சொன்னார். அங்கே எதிரி சுடவில்லை. கோளாறு மட்டும்தான்!

இது ஏதோ தூர தேசத்துக் கதை என்று நினைக்காதீர்கள். 2024 டிசம்பரில் மணிப்பூரில் நம் ராணுவம் கைப்பற்றிய ஆயுதங்களுக்கு நடுவே ஸ்டார்லிங்க் முத்திரை போட்ட கருவி ஒன்றும் இருந்தது. “இந்தியாவின் மேல் எங்கள் அலை நிறுத்தி வைக்கப்பட்டிருக்கிறது” என்று மஸ்க் பதில் சொன்னார். கவனியுங்கள்! நம் வானத்தில் அலை ஓடுகிறதா இல்லையா என்று நமக்குச் சொல்லும் இடத்தில் அவர் இருந்தார். பக்கத்துக் கழனிக்காரர் மோட்டாரை நம்பி நாற்று விடும் விவசாயி இந்த மாவட்டத்தில் இருக்கிறாரா? நல்ல மனிதராகவே இருக்கட்டும். அவருக்குக் கோபம் வந்தால் சுவிட்ச் அவர் கையில்.

2025 ஜூனில் ஸ்டார்லிங்குக்கு இந்தியாவில் உரிமம் கொடுத்தார்கள். தரை நிலையம் இந்தியாவிலேயே இருக்க வேண்டும் என்று நிபந்தனையும் போட்டார்கள். ஜவ்வாது மலைப் பள்ளிக்கூடத்துக்கு இணையம் வருமானால் வரட்டும், வாழ்த்துவேன். ஆனால் படைவீரன் காதில் விழும் உத்தரவு அந்த வழியாக வரக் கூடாது. அந்த எல்லைக்கோட்டை அரசு சட்டமாகவே போட வேண்டும்.

வெளியாரை மட்டும் குறை சொல்லி இறங்கிவிட மாட்டேன். நம் அரசுகளையும் கேட்கிறேன். கார்கில் போர் நடந்தது 1999-இல். அப்போது அமெரிக்க ஜி.பி.எஸ். கைகொடுக்கவில்லை என்பதையே நம் சொந்த வழிகாட்டிக் கோள் திட்டமான நாவிக்குக்குக் காரணமாகச் சொன்னீர்கள். முதல் கோள் ஏறியது 2013-இல். அதில் வைத்த அணுக் கடிகாரங்கள் இறக்குமதி, அவை பழுதாகின. மாற்றுக் கோள் 2017-இல் வெப்பக் கவசம் பிரியாமல் வீணானது. 2023-இல்தான் நம் சொந்தக் கடிகாரம் ஏறியது. 2025 ஜனவரியில் போன நாவிக் கோள் என்விஎஸ்-02, வால்வு திறக்காமல் உரிய பாதைக்கே போகவில்லை. தரைப்படைக்கென்று தனி செயற்கைக்கோள் செய்ய ஒப்பந்தம் போட்டது 2023 மார்ச்சில். கார்கிலுக்கும் அந்தக் கையெழுத்துக்கும் நடுவே 24 ஆண்டுகள்! ருக்மிணிக்கு மாற்று வரவே 12 ஆண்டுகள்! கஷ்டமான வேலை, தோல்வி வரும். விஞ்ஞானியைக் குறை சொல்ல மாட்டேன். ஒரு கோள் கெட்டால் ஏற்றுவதற்கு இன்னொன்று தயாராக இல்லாத திட்டமிடலைக் குறை சொல்கிறேன்.

செலவு என்பார்கள். தரைப்படைக் கோளுக்கு ஏறத்தாழ 3,000 கோடி ரூபாய். விக்ராந்த் விமானந்தாங்கிக் கப்பலைக் கட்ட ஏறத்தாழ 20,000 கோடி செலவழித்தோம். அதன் காதை அடுத்தவர் அடைக்க முடியும் என்றால் அத்தனை கோடியும் மிதக்கும் இரும்புதானே?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். சொந்த வானம் படைக்கு மட்டும் பயன்படுவதல்ல. 2017 நவம்பர் இறுதியில் ஒக்கிப் புயல் வந்தபோது, ஆழ்கடலில் இருந்த கன்னியாகுமரி மீனவர்களுக்கு எச்சரிக்கை சொல்ல வழியே இல்லை. போனவர்களில் பலர் திரும்பவே இல்லை. இன்று இஸ்ரோ உருவாக்கிய கருவியைப் படகுகளில் பொருத்துகிறார்கள். செல்போன் கோபுரம் எட்டாத கடலிலும் ஆபத்துப் பொத்தானை அழுத்தினால் சேதி கரைக்கு வரும். கரையிலிருந்து புயல் எச்சரிக்கையும் போகும். நம் கோள் இருப்பதால்தான் மீனவரிடம் வாடகை கேட்காமல் இதைக் கொடுக்க முடிகிறது.

வேலூர்ப் பக்கத்துக் கம்மவான்பேட்டையை ‘ராணுவப்பேட்டை’ என்றே அழைக்கிறார்கள். இந்தக் கூட்டத்திலும் பிள்ளையைப் படைக்கு அனுப்பிய தாய்மார்கள் இருக்கிறீர்கள். உங்கள் சார்பில் மூன்று கோரிக்கைகளை வைக்கிறேன். படைகளின் தகவல் தொடர்பு முழுவதும் இந்தியக் கோள்கள் வழியாகவே நடக்க வேண்டும் என்று சட்டம் வேண்டும். ஒவ்வொரு ராணுவக் கோளுக்கும் மாற்றுக் கோள் முன்கூட்டியே தயாராக இருக்க வேண்டும். எந்தத் திட்டம் எத்தனை ஆண்டு தாமதம் என்பதை ஆண்டுதோறும் நாடாளுமன்றத்தில் சொல்ல வேண்டும்.

ஓட்டுக் கேட்டு வருகிறவர்களிடம் ரோட்டைக் கேளுங்கள், தண்ணீரைக் கேளுங்கள். கூடவே இந்த மூன்றையும் கேளுங்கள். மாணவர்களே, சந்திரயான்-3 திட்ட இயக்குநர் வீரமுத்துவேல் பிறந்தது பக்கத்து விழுப்புரத்தில். அடுத்த ராணுவக் கோளின் வடிவமைப்புக் குழுவில் திருவண்ணாமலை மாவட்டத்துப் பிள்ளை ஒருவர் இருக்க வேண்டும். அதற்கான படிப்பை இன்றிரவே தொடங்குங்கள்.